பேரம் எங்கே போய் நிற்கும்?

உங்களிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. நீங்களே வைத்துக்கொண்டால் அது உங்களுக்கு 40,000 ரூபாய் பெறும். அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் கொடுக்க மாட்டீர்கள். வாங்க வருபவருக்கு அது 50,000 ரூபாய் பெறும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் தர மாட்டார். ஆக, 40,000-க்கும் 50,000-க்கும் நடுவில் எந்த விலைக்குப் படிந்தாலும் இருவருக்கும் லாபம்தான். சரி, எந்த விலைக்குப் படியும்?

யாருக்கு வாய் சாமர்த்தியம் அதிகமோ அவர் பக்கம் சாயும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பேச்சுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 75 ஆண்டுகளாகப் பேரத்தைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் வேறு இரண்டு விஷயங்களைச் சுட்டிக்காட்டுகிறார்கள். பேச்சு முறிந்தால் யாருக்கு என்ன ஆகும்? பேச்சு இழுத்துக்கொண்டே போனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்? விலையின் பெரும்பகுதியை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. அப்படியென்றால் பேரத்தின் முக்கியமான வேலை, நீங்கள் பேச உட்காருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அந்த வேலை என்ன என்று பார்ப்போம்.

இதைக் கணக்காகப் போட முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியும் என்று காட்டிய துறைக்கு ஆட்டக் கோட்பாடு (ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர் எடுக்கும் முடிவையும் சார்ந்திருக்கும் இடங்களை ஆராயும் கணிதம்) என்று பெயர். ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதையும் ஆஸ்கர் மோர்கென்ஸ்டெர்ன் என்ற பொருளியல் அறிஞரும் 1944-இல் எழுதிய பெரிய நூல் இதற்கு அடித்தளம் போட்டது. ஆறு ஆண்டு கழித்து, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் நாஷ் என்ற 21 வயது மாணவர் 28 பக்கத்தில் ஓர் ஆய்வேடு கொடுத்தார். ஒத்துழைப்பில்லா ஆட்டங்கள் என்பது அதன் தலைப்பு. அந்த வேலைக்காக 1994-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒத்துழைப்பில்லா ஆட்டம் என்றால் அடித்துக்கொள்வதா? இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வைக்க வெளியே யாரும் இல்லாத இடம் என்றுதான் பொருள். ஒருவர் சொன்னபடி நடப்பார் என்று நம்ப வேண்டுமானால், அப்படி நடப்பது அந்த நேரத்தில் அவருக்கே லாபமாக இருக்க வேண்டும். அன்பானவர்களுக்கு நடுவிலும் இது நடக்கும், எதிரிகளுக்கு நடுவிலும் நடக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் காரியம் எங்கே போய் நிற்கும்? நாஷ் சொன்ன பதில் சமநிலை (மற்றவர்கள் செய்வதை மாற்றாதபோது, தான் மட்டும் மாறினால் யாருக்கும் லாபம் இல்லாத நிலை). ஆட்டக்காரர்களும் அவர்களுக்கு இருக்கும் வழிகளும் எண்ணி முடிக்கக்கூடிய அளவில் இருந்தால், இப்படி ஒரு நிலையாவது கட்டாயம் இருக்கும் என்று அவர் நிரூபித்தார். ஒருவர் தன் வழியைத் தற்செயலாக, குலுக்கிப் போட்டு எடுப்பதுபோல் தேர்ந்தெடுப்பதையும் அந்த நிரூபணம் சேர்த்துக்கொள்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். சமநிலை என்றால் எல்லோருக்கும் நல்லது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் எல்லோரும் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 600 அடி போனால் உங்கள் 400 அடிக் கிணறு வற்றும், நீங்களும் ஆழப்படுத்துகிறீர்கள். எல்லோரும் ஆழமாகப் போன பிறகு, நீங்கள் மட்டும் நிறுத்திக்கொண்டால் உங்களுக்குத்தான் தண்ணீர் இல்லை. அது சமநிலைதான். ஆனால் எல்லோரும் 400 அடியில் நின்றிருந்தால் எல்லோருக்கும் செலவும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். தனித்தனியாக யாரும் முட்டாள்தனம் செய்யாமலேயே மொத்தமாகக் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு என்பது இந்தத் துறை சொன்ன உண்மைகளிலேயே முக்கியமானது. அங்கே ஒருவரை ஒருவர் திட்டிப் பயனில்லை. விதியை மாற்ற வேண்டும். ஊர்ப் பொதுக் காட்டையும் நீரையும் மக்களே விதி வகுத்து, கண்காணித்துக் காப்பாற்றிய இடங்களை எலினோர் ஆஸ்ட்ரம் உலகெங்கும் தேடித் தொகுத்தார். அதற்காக அவருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஸ்கூட்டருக்கு வருவோம். நீங்கள் 47,000-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நிற்கிறீர்கள். அவரும் 47,000 வரை தரலாம் என்று முடிவு செய்துவிட்டார். இருவரில் யாரும் தனியாக மாறி லாபம் பார்க்க முடியாது. ஆகவே 47,000 சமநிலை. இதே வாதத்தை 42,000-க்கும் சொல்லலாம், 49,500-க்கும் சொல்லலாம். இடையில் உள்ள ஒவ்வொரு விலையும் சமநிலையாகிவிடுகிறது. அப்படியானால் இந்தக் கருத்து நமக்கு எதையுமே சொல்லவில்லையே?

இந்தக் கேள்வி நாஷுக்கும் தெரியும். 1950-இல் பேரத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். நியாயமான ஒரு தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சில நிபந்தனைகளை அதில் வைத்தார். இருவரும் ஒரே நிலையில் இருந்தால் ஒரே பங்கு கிடைக்க வேண்டும், இருவருக்கும் ஒரே நேரத்தில் கூடுதலாகக் கிடைக்கக்கூடியதை வீணாக்கக் கூடாது, இப்படி. இந்த நிபந்தனைகளை எல்லாம் நிறைவேற்றும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: இருவரின் லாபத்தையும் பெருக்கினால் வரும் தொகை எந்த விலையில் மிக அதிகமோ, அந்த விலை. உங்கள் ஸ்கூட்டருக்கு அது 45,000. இருவருக்கும் ஆளுக்கு 5,000 லாபம்.

சரிபாதி என்று சொல்ல இவ்வளவு கணிதம் எதற்கு என்று கேட்கலாம். கவனியுங்கள்: பாதியாகப் பிரிவது விலை அல்ல, லாபம். அந்த லாபம் எங்கிருந்து எண்ணப்படுகிறது? பேரம் முறிந்தால் ஒவ்வொருவரும் எங்கே நிற்பார்களோ அங்கிருந்து. உங்களுக்கு அந்த ஸ்கூட்டர் இன்னும் பயன்படுகிறது, வீட்டில் இருந்தால் 44,000 பெறும் என்றால், பிரிக்க மிச்சம் இருப்பது 6,000 மட்டுமே. விலை 47,000 ஆகும். நீங்கள் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் 2,000 ரூபாய் உங்கள் பக்கம் வந்துவிட்டது.

ஆனால் நிஜத்தில் நடுவர் யாரும் வந்து லாபங்களைப் பெருக்கிப் பார்ப்பதில்லையே? நீங்கள் ஒரு விலை சொல்வீர்கள், அவர் ஒரு விலை சொல்வார், இழுபறி நடக்கும். அந்த இழுபறியை அப்படியே கணக்காக மாற்றியவர் இஸ்ரேலைச் சேர்ந்த ஏரியல் ரூபின்ஸ்டீன், 1982-இல். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான். பள்ளிக்கூடக் கணக்கு போதும், கூடவே வாருங்கள்.

விதி எளிது. இன்று நீங்கள் விலை சொல்கிறீர்கள். அவர் சரி என்றால் முடிந்தது. வேண்டாம் என்றால் அடுத்த சுற்றில் அவர் சொல்வார், நீங்கள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வீர்கள். இப்படியே மாறி மாறிப் போகும், முடிவே கிடையாது. ஆனால் ஒவ்வொரு சுற்று தள்ளிப்போகும்போதும் கிடைக்கப்போகும் லாபத்தின் மதிப்பு இருவருக்கும் 10 சதவீதம் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலைச்சல், வட்டி, நேரம், எதுவாகவும் இருக்கலாம். அப்போது நாளைக்குக் கிடைக்கும் 100 ரூபாய் இன்றைய 90 ரூபாய்க்குச் சமம். இந்த 0.9-க்குத் தள்ளுபடிக் காரணி (நாளைய லாபம் இன்று எவ்வளவு பெறும் என்பதைக் காட்டும் எண்) என்று பெயர்.

முதலில் விலை சொல்பவருக்குக் கிடைக்கும் பங்கை 'அ' என்று வைப்போம். உங்கள் விலையை மறுத்தால் அடுத்த சுற்றில் விலை சொல்லும் முறை அவருக்கு வருகிறது. அப்போது அவருக்கும் இதே 'அ' கிடைக்கும். ஆனால் ஒரு சுற்று காத்திருந்ததால் அதன் இன்றைய மதிப்பு 0.9 அ. ஆகவே நீங்கள் இன்றைக்கே அவருக்கு 0.9 அ கொடுத்தால் போதும், அவருக்கு மறுக்கக் காரணமில்லை. உங்கள் பங்கும் அவர் பங்கும் சேர்ந்தால் முழு லாபம். அதாவது அ-வும் 0.9 அ-வும் கூட்டினால் 1. 'அ' என்பது ஒன்றை 1.9-ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 52.6 சதவீதம்.

10,000 ரூபாய் லாபத்தில் உங்களுக்கு 5,263 ரூபாய்; விலை 45,263. அவர் முதலில் விலை சொல்லியிருந்தால் 44,737. ஆயிரக்கணக்கான சமநிலைகள் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் முதல் சுற்றிலேயே உடன்பாடு. முதலில் பேசுபவருக்குச் சின்ன அனுகூலம் உண்டு. ஆனால் பதில்கள் சடசடவென்று வந்து, சுற்றுக்குச் சுற்று தேய்மானம் குறையக் குறைய அந்த அனுகூலமும் கரைந்து, நாஷ் சொன்ன பாதிக்கே வந்து சேரும்.

இப்போது முக்கியமான இடம். உங்களுக்கு அவசரம் அதிகம் என்று வையுங்கள். ஊரை விட்டுப் போகிறீர்கள், ஸ்கூட்டரை எடுத்துப்போக முடியாது. ஒரு சுற்றுக்கு உங்களுக்கு 20 சதவீதம் தேய்கிறது. அவருக்கு அதே 10 சதவீதம். கணக்கை மறுபடி போட்டால், முதலில் விலை சொல்பவர் நீங்களே ஆனாலும் உங்கள் பங்கு 35.7 சதவீதமாக இறங்கிவிடும். 5,263 வர வேண்டிய இடத்தில் 3,571. மாறாக அவசரம் அவருக்கு என்றால் உங்கள் பங்கு 71.4 சதவீதம். ஸ்கூட்டர் அதே ஸ்கூட்டர், ஆட்கள் அதே ஆட்கள், பேச்சும் அதே பேச்சு. மாறியது காத்திருக்கும் வசதி மட்டும்.

'அவசரத்தைக் காட்டாதே' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது தெரியும்தானே. அதற்கு ஒரு படி மேலே இந்தக் கணக்கு போகிறது. அவசரத்தை மறைப்பது இரண்டாம் பட்சம். அவசரத்தைக் குறைப்பதே முதல் வேலை. மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு நிலத்தை விற்கக் கிளம்புபவர், நாள் குறிக்கும் முன்பே விற்பவரைவிடக் குறைவாகத்தான் வாங்குவார். தரகர் திறமைசாலியாக இருந்தாலும் இது பெரிதாக மாறாது. பழைய வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி நெருங்கிய பிறகு புது வீட்டுக்கு அட்வான்ஸ் பேசினாலும் இதே கதைதான். தேதி உங்கள் கையில் இருந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேரத்துக்குப் போங்கள். கையில் இல்லை என்றால் பேரத்தை முன்கூட்டியே தொடங்குங்கள்.

விவசாயிக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. அறுவடை முடிந்த வாரத்தில் எல்லோரிடமும் சரக்கு இருக்கிறது, எல்லோருக்கும் கடன் கட்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். வியாபாரிக்குக் காத்திருப்பதில் நஷ்டம் இல்லை; விவசாயிக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். பேரம் எங்கே போய் நிற்கும் என்று ரூபின்ஸ்டீன் கணக்கு தெரியாதவருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளைக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் (சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கடன்) பெறும் வசதி இருக்கிறது. இதைப் பெரும்பாலும் கிடங்கு வசதியாகத்தான் பார்க்கிறார்கள். என் பார்வையில் அதன் முதல் பயன், விற்பவருக்கு அது பொறுமையை வாங்கிக் கொடுப்பது. அந்தக் கடனின் வட்டியைக் கணக்கிடும்போது, காத்திருந்தால் ஏறக்கூடிய சந்தை விலையை மட்டும் எதிரே வைத்துப் பார்ப்பது போதாது. அவசரமில்லாமல் பேச முடிவதால் பேரத்தில் கிடைக்கும் கூடுதல் பங்கையும் சேர்த்துப் பாருங்கள்.

எதிரே இருப்பவருக்கும் இதெல்லாம் தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் கெடாது. ரூபின்ஸ்டீன் கணக்கே இருவருக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் தொடங்குகிறது. இருவரும் கடைசி வரை யோசித்துப் பார்த்துவிடுவதால்தான் முதல் சுற்றிலேயே விலை படிகிறது.

அடுத்த சந்தேகம், அனுபவசாலிகள் கேட்பது: 'இன்னொருவர் கேட்டிருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடுவேன்' என்று சொன்னால் விலை ஏறுமா? பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த இன்னொருவர் தரும் விலை, இங்கே இயல்பாகப் படியக்கூடிய விலையைவிடக் குறைவு என்றால் ஒன்றும் ஏறாது. பழைய வண்டி வாங்கி விற்பவர் 42,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே 45,000-க்குப் படிய வாய்ப்பு இருக்கிறது. 45,000-ஐ விட்டுவிட்டு 42,000-க்குப் போவேன் என்று நீங்கள் மிரட்டினால் யார் நம்புவார்? அந்த வண்டி வியாபாரி 47,000 தருவதாகச் சொன்னால் கதை வேறு. இங்கே விலை 47,000-க்கு ஏறும். ஆனால் அதற்கு மேல் ஏறாது. கென் பின்மோரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-களில் தெளிவாக்கிய விஷயம் இது. வெளி வாய்ப்பு உங்களுக்கு ஒரு தரைதான், அதற்குக் கீழே விழ மாட்டீர்கள். அதுவே உங்களை மேலே தூக்கிவிடாது.

அப்படியானால் எது தூக்கும்? பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே உங்கள் கைக்கு வந்துகொண்டிருப்பது. முன்பு 44,000 பெறும் ஸ்கூட்டர் விலையை ஏற்றியதும், அது வீட்டில் பயன்பட்டுக்கொண்டே இருந்ததால்தான். வேலை தேடுபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு உங்கள் உழைப்பு மாதம் 60,000 ரூபாய் பெறும் என்று வைப்போம். நீங்கள் வேலையில்லாமல் இருக்கிறீர்கள், இருவருக்கும் ஒரே அளவு பொறுமை. சம்பளம் 30,000 பக்கத்தில் நிற்கும். இன்னொரு நிறுவனத்தின் 20,000 ரூபாய் வேலைக் கடிதம் கையில் இருந்தாலும் அதே 30,000தான். அந்தக் கடிதம் போடும் தரை 30,000-க்குக் கீழே கிடக்கிறது. ஆனால் இப்போது 20,000 சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறீர்கள் என்றால், பேச்சு இழுக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு 20,000 வருகிறது. பிரிக்க வேண்டியது மிச்சம் 40,000. உங்கள் சம்பளம் 40,000. கடிதத்திலும் 20,000, வேலையிலும் 20,000. இரண்டுக்கும் நடுவே 10,000 ரூபாய் வித்தியாசம். நிஜ வாழ்க்கையில் எண்கள் இவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் சாய்வு இதே பக்கம்தான் இருக்கும். ஆகவே இருக்கிற வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் பேரம் பேசாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால், சில மாதச் செலவுக்குச் சேமிப்பு வைத்துக்கொண்டு விடுங்கள்.

அமெரிக்காவின் வாகனத் தொழிலாளர் சங்கம் 2023 செப்டம்பரில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெலாண்டிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம். சங்கத்திடம் சுமார் 82.5 கோடி டாலர் வேலைநிறுத்த நிதி இருந்தது. நிறுத்தத்தில் இருப்பவருக்கு வாரம் 500 டாலர் அதிலிருந்து போகும். மூன்று நிறுவனங்களிலும் சேர்த்துச் சங்கத்துக்குச் சுமார் 1,46,000 உறுப்பினர்கள். ஆனால் முதலில் மூன்று ஆலைகளில் சுமார் 13,000 பேர் மட்டுமே வெளியே வந்தார்கள். மற்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள். எந்த ஆலை அடுத்து நிற்கும் என்பது நிறுவனங்களுக்குத் தெரியாது. இழுபறியில் தொழிலாளிக்கு நஷ்டம் குறைவு, முதலாளிக்கு நஷ்டம் கூடிக்கொண்டே போகும். சுமார் ஆறு வாரத்தில் உடன்பாடு வந்தது. ஒப்பந்தக் காலத்தில் 25 சதவீதப் பொது ஊதிய உயர்வு. கோரிக்கையில் நியாயம் இருந்தது என்பது வேறு. அந்த நியாயத்தோடு ஆறு வாரம் நிற்க முடிந்ததற்குக் காரணம் முன்கூட்டியே சேர்த்த நிதி.

மிரட்டல் பலிக்குமா? இதற்கு ஜெர்மானியரான ரைன்ஹார்ட் செல்டன் 1965-இல் ஒரு சோதனை வைத்தார். மிரட்டியபடி செய்ய வேண்டிய அந்த நிமிடம் வந்துவிட்டது என்று வையுங்கள்; அப்போது அதைச் செய்வது மிரட்டியவருக்கே லாபமா? லாபம் இல்லை என்றால் அந்த மிரட்டலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களிடம் யாராவது 'இதுதான் கடைசி, இல்லாவிட்டால் கிளம்பிவிடுவேன்' என்றால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளம்பினால் அவருக்கு எங்கே போக்கிடம்?

மிரட்டலை நம்ப வைக்க ஒரு வழி இருக்கிறது என்று தாமஸ் ஷெல்லிங் 1960-இல் எழுதினார்: உங்கள் கையை நீங்களே கட்டிப்போட்டுக்கொள்வது. பெரிய கடையில் விற்பனையாளர் விலை குறைக்க மாட்டார். குறைக்கும் அதிகாரமே அவருக்கு இல்லை. அந்த அதிகாரமின்மைதான் அவருடைய பலம். அதனால்தான் அங்கே நாமும் பேரம் பேசுவதில்லை. நீங்களும் விற்கும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்து, '46,000-க்குக் கீழே கொடுக்காதே' என்று சொல்லி அனுப்பலாம். ஆபத்து ஒன்று உண்டு. அந்தப் பக்கமும் '44,000-க்கு மேல் கொடுக்காதே' என்று சொல்லி ஆள் அனுப்பியிருந்தால், இருவருக்கும் லாபமான வியாபாரம் நடக்காமலே போகும். எதிராளியும் கையைக் கட்டிக்கொள்ளக்கூடியவர் என்று தெரிந்தால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

எதிராளிக்கு வேறு வழியே இல்லை என்றால் கடைசி வரை நெருக்கலாமா? கணக்கு அப்படித்தான் சொல்லும். 1982-இல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் அவருடைய குழுவும் இதைச் சோதித்தார்கள். ஒருவரிடம் ஒரு தொகை. அதில் இவ்வளவு உனக்கு என்று அவர் ஒரு முறை மட்டும் சொல்லலாம். மற்றவர் ஏற்றால் அப்படியே பிரியும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு ரூபாய் கொடுத்தாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்தானே, ஏற்க வேண்டும். மனிதர்கள் ஏற்கவில்லை. பிற்பாடு எத்தனையோ நாடுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கொடுப்பவர்கள் பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம் கொடுக்கிறார்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறையப் பேர் வேண்டாம் என்று தூக்கிப் போடுகிறார்கள்.

இதுவும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. பெரு நாட்டுக் காட்டில் வாழும் மச்சிகெங்கா மக்கள் கால்பங்கு அளவுதான் கொடுத்தார்கள், வாங்கியவர்களும் அநேகமாக மறுக்கவில்லை. இந்தோனேசியாவின் லமலேரா கிராமத்தில் சேர்ந்து திமிங்கிலம் வேட்டையாடிப் பங்கு பிரித்து வாழ்பவர்கள் சராசரியாகப் பாதிக்கு மேலேயே கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் 'இது அநியாயம்' என்ற கோடு மாறுகிறது. உங்களுக்கு இதில் உள்ள பாடம்: எதிரே இருப்பவரின் மாற்று வழியைக் கணக்குப் போடும்போது அவருடைய மானத்தையும் சேர்த்துப் போடுங்கள். கட்டட மேஸ்திரியிடம் கடைசி நூறு ரூபாயையும் பிடுங்கியவருக்கு, அந்த நூறு ரூபாய் வேலையின் தரத்தில் போய்விடும். நாளையும் அதே ஆளிடம் போக வேண்டிய இடங்களில் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

இவ்வளவு கணக்கு இருந்தும் ஏன் பேரங்கள் முறிகின்றன? முதல் சுற்றிலேயே முடிய வேண்டியது ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது? இதுவரை ஒரு விஷயத்தைச் சுலபமாக்கிக்கொண்டோம். உங்கள் 40,000 அவருக்குத் தெரியும், அவருடைய 50,000 உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் தெரியாது. தெரியாத நிலையை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்று ஜான் ஹர்சானி 1967, 68-இல் வழி காட்டினார். நாஷ், செல்டனோடு 1994 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். 1983-இல் ரோஜர் மயர்சனும் மார்க் சாட்டர்த்வெயிட்டும் இன்னும் ஒரு படி போய், வருத்தம் தரும் ஒரு முடிவை நிரூபித்தார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அவரவர் எல்லை அவரவருக்கு மட்டுமே தெரியும், வியாபாரத்தில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா என்பதும் உறுதியில்லை என்றால், வெளியிலிருந்து யாரும் பணம் போடாமல், லாபமான வியாபாரங்கள் அனைத்தையும் நடத்திவைக்கும் பேர முறை ஒன்றைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஏன்? எல்லோருக்கும் தன் எல்லையைக் கொஞ்சம் மிகைத்துச் சொல்வதில் லாபம் இருக்கிறது. உங்கள் எல்லை 40,000, அவருடையது 41,000 என்றால் பிரிக்க 1,000 ரூபாய்தான் இருக்கிறது. நீங்கள் 43,000 என்று நடித்து, அவர் 39,000 என்று நடித்தால் இருவரும் எழுந்து போய்விடுவீர்கள். இடைவெளி பெரிதாக இருக்கும்போது நடிப்பு தாங்கும். குறுகலாக இருக்கும்போது நடிப்பே வியாபாரத்தைக் கெடுத்துவிடும். விலை கிட்டத்தட்ட நெருங்கி வந்து நிற்கிறது என்று தெரிந்தால் நடிப்பை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவதே லாபம்.

இழுபறியே சில நேரம் ஒரு செய்தி. 'எனக்கு அவசரமில்லை' என்று வாயால் யாரும் சொல்லலாம். இரண்டு மாதம் பேசாமல் இருந்து காட்ட, அவசரம் உள்ளவரால் முடியாது. வேலைநிறுத்தங்கள் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, நடுவர் வைத்துப் பேசும் இடம். பாகப் பிரிவினையில் தாய்மாமாவோ ஊர்ப் பெரியவரோ நடுவில் உட்கார்ந்தால், வழக்கமாக இரு பக்கமும் கேட்டுவிட்டு நடுவில் ஒரு தொகை சொல்வார். அவர் நடுவில்தான் வெட்டுவார் என்று இருவருக்கும் முன்பே தெரியும். அண்ணன் 30 லட்சம் கேட்க நினைத்தவர் 50 கேட்பார். தம்பி 20 தர நினைத்தவர் 5 என்பார். கூடுதலாகப் பொய் சொன்னவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். பெரியவர் நல்லவர்தான், விதி அப்படி இருக்கிறது.

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கில் 1974 முதல் வேறு விதி. விளையாட்டு வீரருக்கும் அணிக்கும் சம்பளத் தகராறு என்றால் இரு பக்கமும் ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுக்க வேண்டும். நடுவர் அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இடையில் வெட்டக் கூடாது. இப்போது வானளாவக் கேட்டால் எதிராளியின் தொகை நியாயமாகத் தெரிந்து அதுவே தேர்வாகிவிடும். மிகைப்பதில் இருந்த லாபம் போய், ஒவ்வொருவரும் நடுவருக்கு நியாயமாகப் படக்கூடிய தொகையை நோக்கி நகர்கிறார்கள். தோற்றால் முழுதாகத் தோற்க வேண்டும் என்ற பயமும் சேர்ந்து, பெரும்பாலான தகராறுகள் விசாரணைக்குப் போகாமலே பேசி முடிகின்றன.

இதை வீட்டில் செய்ய முடியுமா? ஒரு தொகையைப் பற்றிய தகராறு என்றால் தாராளமாக முடியும். பேச்சு தொடங்கும் முன்பே நடுவரிடம் விதியைச் சொல்லி, இரு பக்கமும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டில் தொகையை எழுதி மூடிய உறையில் கொடுக்கட்டும். உறையைப் பிரிப்பதற்கு முன் ஒரு வாரம் அவகாசம் வையுங்கள், அதற்குள் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டால் உறையைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.